ஏழு புளியமுத்தும் இரண்டு குவியலும்

பாளையங்கோட்டை, தொடக்கப்பள்ளி ஆசிரியை:
ஏழு புளியமுத்துகளை மூன்றும் நான்குமாகப் பிரித்து வைத்திருந்த ஒன்றாம் வகுப்புச் சிறுமியின் கண்முன்னாலேயே, நான்கிலிருந்து ஒன்றை எடுத்து மூன்றோடு சேர்த்துவிட்டு, எல்லாம் சேர்த்து எத்தனை என்று கேட்டேன். "எட்டு டீச்சர், ஒண்ணு கூட வந்துட்டுல்லா" என்றாள். எண்ணச் சொன்னேன், ஏழு வந்தது. உடனே என் உள்ளங்கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தாள். ஒன்றை நான் ஒளித்துவிட்டேன் என்பது அவள் முடிவு. அந்தப் பார்வை இன்னும் என்னை விட்டுப் போகவில்லை.

முக்கூடல், பீடி சுற்றும் தாய்:
என் மகன் எண்ணைப் பிரித்துச் சரியாகச் செய்தும் அடி வாங்கியது அவன் நோட்டு. நான் பீடியை இருபத்தைந்து இருபத்தைந்தாகக் கட்டுவதைப் பக்கத்திலிருந்து பார்த்தே வளர்ந்தவன். எட்டோடு ஐந்தைக் கூட்ட வேண்டிய கணக்கில், ஐந்தை இரண்டும் மூன்றுமாக உடைத்து, எட்டைப் பத்தாக்கி, பத்தும் மூன்றும் பதின்மூன்று என்று ஓரத்தில் எழுதியிருந்தான். விடைக்குச் சரி போட்டிருந்தார்கள். ஓரத்தில் எழுதியதைச் சிவப்பு மையால் அடித்து, "கோடு போட்டு எண்ணு" என்று எழுதியிருந்தார்கள். இப்போது பள்ளியில் கோடு போடுகிறான், வீட்டில் உடைத்துக் கூட்டுகிறான்.

அம்பாசமுத்திரம், ஓய்வுபெற்ற தலைமையாசிரியர்:
ஆசிரியை அம்மாவின் கேள்வியே அந்த வயதுக்குக் கடினமானது. பொருள்களை இடம் மாற்றினாலும் தொகை மாறாது என்ற தெளிவு பல பிள்ளைகளுக்கு ஆறேழு வயதை ஒட்டித்தான் வருகிறது என்று உளவியலாளர் ழான் பியாஜே கண்டார். ஏழு முத்தில் தொடங்குவது அவசரம். பல்லாங்குழியில் ஒரு குழிக்கு ஐந்து முத்து போடுகிறோம் அல்லவா, அந்த ஐந்திலேயே சில நாள் நில்லுங்கள். இரண்டை எடுத்துக் காட்டி, குழியைக் கையால் மூடி, உள்ளே எத்தனை என்று கேளுங்கள். அது வாயில் தயங்காமல் வந்த பிறகு ஆறு முதல் ஒன்பது வரை ஐந்தும் மிச்சமுமாகப் பிரிக்கலாம். பத்தின் சோடிகள், அதாவது ஒன்பதும் ஒன்றும், எட்டும் இரண்டும், ஏழும் மூன்றும், கடைசியில்தான். முக்கூடல் தங்கச்சியின் மகன் அந்தக் கடைசிப் படியில் நிற்கிறான். தொடக்க வகுப்புப் பிள்ளைகளுக்கு அடிப்படை எழுத்தும் கணக்கும் கற்பிக்கத் தமிழக அரசின் எண்ணும் எழுத்தும் திட்டம் 2022இல் வந்த பிறகும் அதைச் சிவப்பால் அடிக்கிறவர்கள் இருப்பது வருத்தமே. ஆயினும் தொடக்கநிலைப் பிள்ளைக்குக் கோடு போட்டு எண்ணுவதும் வேண்டும்.

பாளையங்கோட்டை ஆசிரியை:
ஐயா, ஐந்தை முடித்த பிறகே ஏழுக்கு வந்தேன். ஒரு கையில் ஐந்து விரலும் மறு கையில் இரண்டும் காட்டினால் எண்ணாமலே ஏழு என்கிறாள். ஒரு கையில் ஒன்றை மடக்கி, மறு கையில் ஒன்றை நீட்டினாலும் ஏழு என்றே சொல்கிறாள். வயதுதான் காரணமென்றால், விரலில் தெரிவது முத்தில் ஏன் தெரியவில்லை?