பழைய பஜாஜ் அவெஞ்சர் 220 பைக் தேடுகிறேன், உதவுங்கள்
நண்பர்களே, மதுரை, திண்டுக்கல் பக்கம் யாரிடமாவது நல்ல நிலையில் உள்ள பழைய அவெஞ்சர் 220 குரூஸ் விற்பனைக்கு இருக்கிறதா? 60,000 ரூபாய் வரை தர முடியும். ராயல் என்ஃபீல்டு தண்டர்பேர்டு 350-ம் பார்த்தேன், விலை எட்டவில்லை, எடையும் அதிகம். தாழ்ந்த சீட், முன்னால் நீட்டிய கால், நிமிர்ந்த முதுகு, நான்குவழிச் சாலையில் அவசரமே இல்லாமல் நாள் முழுக்க ஓட்டுகிற சுகம், இதுதான் எனக்கு வேண்டும். இப்போது வரும் வண்டிகளில் பாதி குனிந்து விரட்டுவதற்கென்றே செய்தது போல இருக்கிறது, அதனாலேயே பழைய கவாசாகி எலிமினேட்டரின் வழிவந்த இந்த வண்டி மேல் ஆசை கூடிக்கொண்டே போகிறது. ஆர்சி புக்கில் கடன் பதிவு நீக்கியிருக்க வேண்டும், அது முக்கியம். அப்புறம், வைத்திருப்பவர்கள் சொல்லுங்கள்: ஆயில் கசிவு, ஃபோர்க் சீல், செயின் தவிர வேறு எதை மெக்கானிக்கிடம் பார்க்கச் சொல்லலாம்? ஸ்பேர் எளிதாகக் கிடைக்கிறதா?