அவசரம்: குடும்பத்தோட ட்ரிப் – முதல்ல தீம் பார்க்கா, பீச்சா?

முழிபிதுங்கி · இரவு 11:42
மொத்தக் குடும்பமும் கிளம்புறோம். பொடிசுலேர்ந்து பெரியவங்க வரைக்கும் எல்லாரும் உண்டு. தீம் பார்க்கும் போகணும், பீச்சும் போகணும், ரெண்டுக்கும் நடுவுல ஒரு மணி நேர தூரம். எதை முதல்ல வைக்கிறது? குரூப்ல ஆளுக்கொண்ணு சொல்றாங்க. நாளைக்குள்ள டிக்கெட் போட்டாகணும். சீக்கிரம் சொல்லுங்க ப்ளீஸ்.

கேள்விக்குறி · இரவு 11:50
எத்தனை பேர், எத்தனை நாள்? பொடிசுக்கு என்ன வயசு, எத்தனை சென்டிமீட்டர் உயரம்? பெரியவங்க உட்காராம எவ்வளவு தூரம் நடப்பாங்க? நீச்சல் தெரிஞ்சவங்க யார் யார்? இது எதையுமே சொல்லாம எதை முதல்லன்னு கேட்டா காசு சுண்டித்தான் பார்க்கணும்.

அலைகாத்தகிளி · இரவு 11:58
வேற எதையும் யோசிக்காதீங்க, அந்த வாரத்து டைட் டேபிளை, அதாவது கடல் ஏறி இறங்குற நேரப் பட்டியலை முதல்ல எடுங்க. பெரும்பாலான கடற்கரையில ஒரு நாளைக்கு ரெண்டு ஏற்றம், ரெண்டு இறக்கம். ஏற்றத்துக்கும் இறக்கத்துக்கும் நடுவுல கிட்டத்தட்ட ஆறேகால் மணி நேரம். தினமும் சுமார் 50 நிமிஷம் தள்ளிப்போகும். ஏற்ற நேரத்துல போனா பொதபொதன்னு காஞ்ச மணல்தான் மிச்சம், பெரியவங்களுக்குக் கால் புதையும். இறக்க நேரத்துல ஈர மணல் கெட்டியா, தரை மாதிரி விரிஞ்சு கிடக்கும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி இந்த வித்தியாசம் இன்னும் அதிகம். இறக்கம் காலை 7லேர்ந்து 9க்குள்ளயோ சாயங்காலம் 4லேர்ந்து 6க்குள்ளயோ எந்த நாள்ல விழுதோ, அதுதான் உங்க பீச் நாள். மிச்ச நாள் பார்க்.

பழுத்தபயணி · இரவு 12:10
இதே கேள்வி மாதம் நான்கு முறை இங்கே வருகிறது. தேடுபெட்டி என்று ஒன்று மேலே இருக்கிறது, அலங்காரத்துக்காக வைக்கவில்லை. இருந்தாலும் சொல்கிறேன். பூங்கா முதலில், கடற்கரை பிறகு. முதல் நாளே கடலில் கிடந்து தோள் வெந்துவிட்டால், மறுநாள் ரைடில் தோள்பட்டையின் மேல் இறங்கும் தடுப்பு அதே இடத்தில்தான் அழுத்தும். கால்விரல் இடுக்கில் தங்கிய மணலோடு ஷூ போட்டு நாள் முழுக்க நடந்தால் மதியத்துக்குள் கொப்புளம். இதுகூடத் தெரியாமல் திட்டம் போடுவது ஏன் என்றுதான் எனக்குப் புரியவில்லை.

முழிபிதுங்கி · இரவு 12:21
சாரி சாரி. 9 பேர். அம்மா 74, முட்டி வலி. அப்பா 78, பிபி, சுகர். அக்கா, மாமா, அவங்க பசங்க 15, 11. நாங்க ரெண்டு பேர், எங்க பொடிசு 3 வயசு. போக வர சேர்த்து 5 நாள். 7 சீட்டர் ஒண்ணு பேசி வச்சிருக்கேன், நெருக்கி உட்கார்ந்துக்கலாம்.

கேள்விக்குறி · இரவு 12:29
உயரம் கேட்டேன், இன்னும் வரலை. சும்மா கேக்கலை பாஸ். நிறைய ரைடுல வரம்பு 102, இன்னும் வேகமானதுல 122 சென்டிமீட்டர். 3 வயசுக் குழந்தை பொதுவா 95ஐ ஒட்டித்தான் இருக்கும். வாசல்ல அளவுகோல் வச்சு அளப்பாங்க, ஒரு விரக்கடை குறைஞ்சாலும் உள்ளே விடமாட்டாங்க, கெஞ்சியும் பிரயோஜனம் இல்லை. ஒரு மணி நேரம் க்யூவுல நின்னு கடைசியில குழந்தை அழறதுக்குப் பதிலா, வீட்டுச் சுவர்லயே அளந்துட்டு பார்க்கோட ரைடு பட்டியல்ல எதெல்லாம் ஆகும்னு இன்னிக்கே டிக் பண்ணி வைங்க.

ஆகாத ரைடுக்கு ஆள் மாத்திப் போற வழி இருக்கு. ஒருத்தர் குழந்தையோட வெளிய நிப்பார், மத்தவங்க ஏறி இறங்கினதும் மறுபடி முழு க்யூ நிக்காம அவர் ஏறிக்கலாம். டிஸ்னி பார்க்ல ரைடர் ஸ்விட்ச், யுனிவர்சல் பார்க்ல சைல்ட் ஸ்வாப்னு பேரு. ஆனா க்யூவுல நுழையும்போதே வாசல்ல நிக்கிற ஊழியர்கிட்ட சொல்லிடணும். இறங்கி வந்தப்புறம் கேட்டா கிடைக்காது.

அப்புறம், 7 சீட்டர்ல 9 பேரா? 7 பேர் உட்கார்ந்தாலே பின்சீட்டு விரிஞ்சிருக்கும், டிக்கியில ரெண்டு பைக்கு மேல போகாது. ஸ்ட்ரோலர், குழந்தை சீட்டு எல்லாம் எங்க வைப்பீங்க? 12 சீட்டு வேன், இல்லன்னா ரெண்டு கார்.

நாலுசக்கரம் · காலை 6:15
வீல்சேர் பத்தி யாருமே பேசலையே? பார்க்ல ஒரு நாளைக்கு 8லேர்ந்து 12 கிலோமீட்டர் நடை சாதாரணம். முட்டி வலியோட அது நடக்காது. உள்ளேயே வாடகைக்குக் கிடைக்கும், ஆனா எண்ணிக்கை கம்மி, விடுமுறை நாள்ல திறந்த கொஞ்ச நேரத்துல தீர்ந்துடும். முன்பதிவு இருக்கான்னு போன் போட்டுக் கேளுங்க. பீச்சுக்கு அதே நாற்காலி உதவாது. முன்னாடி இருக்கிற சின்னச் சக்கரம் மணல்ல நட்டுக்கிட்டு நின்னுடும், தள்ளத் தள்ள ஆள்தான் முன்னாடி சரிவாங்க. பலூன் டயர் போட்ட பீச் வீல்சேர் தனியா உண்டு, சில கடற்கரையில மணல் மேல பாய் விரிச்சு வழியே போட்டிருப்பாங்க. எதுவும் இல்லன்னா நாற்காலியைத் திருப்பி, பின்சக்கரம் முன்னாடி வர்ற மாதிரி இழுத்துக்கிட்டுப் போங்க.

முழிபிதுங்கி · காலை 6:40
அம்மாகிட்ட வீல்சேர்னு சொன்னாலே மூஞ்சியைத் தூக்கி வச்சுக்குவாங்க. நான் என்ன நோயாளியான்னு கேப்பாங்க.

பழுத்தபயணி · காலை 7:02
எழுபது தாண்டியவர்களைத் தீம் பார்க்குக்கு இழுத்துப் போவதே தவறு. அவர்களைக் கடற்கரை அறையில் நிம்மதியாக விட்டுவிட்டு மற்றவர்கள் போய் வரலாம்.

மூணுதலைமுறை · காலை 7:20
அண்ணே, அப்படி விடறதுன்னா எதுக்குச் சேர்ந்து போறாங்க? பார்க்ல ரைடு மட்டுமா இருக்கு? உட்கார்ந்து பார்க்கிற ஷோ, மெதுவா போற ரயில், படகு எல்லாம் இருக்கு. ஒரு எச்சரிக்கை: உட்கார்ந்து பார்க்கிறதுதானேன்னு பெரியவங்களை சிமுலேட்டர்ல ஏத்தாதீங்க. திரை ஓடுது, உடம்பு நின்ன இடத்துலயே இருக்கு, கண்ணும், சமநிலையைப் பார்க்கிற உள்காதும் வேற வேற சேதி சொல்லும்போதுதான் குமட்டுது. அப்பாவுக்கு பிபி இருக்கு, வாசல் பலகையில இதயம், ரத்த அழுத்தம், கழுத்து, முதுகுன்னு போட்ட ரைடு எதுவும் வேண்டாம்.

என் கணக்கு இது. முதல் நாள் போய்ச் சேர்றதோட சரி. 2வது நாள் பார்க். திறக்கிறதுக்கு அரை மணி முன்னாடி வாசல்ல நில்லுங்க, முதல் ஒரு மணி நேரத்துலதான் க்யூ குறைச்சல். அந்த நேரத்துல பெரிய பசங்க மாமாவோட வேகமான ரைடுக்கு, நீங்க பொடிசோட சின்ன ரைடுக்கு, பெரியவங்க நிழல்ல. 11 மணிக்கு எல்லாரும் ஒரு இடத்துல கூடி சாப்பாடு, பன்னிரண்டுக்குள்ள பெரியவங்களும் குழந்தையும் ரூமுக்குப் போயிடணும். வெயில் தாழ்ந்து 4 மணிக்கு மேல திரும்பி வரலாம், மறுபடி உள்ளே விடுவாங்களான்னு டிக்கெட்ல பார்த்துக்கோங்க. அதனால ரூம் பார்க் பக்கத்துல ரெண்டு ராத்திரி, கடல் பக்கத்துல ரெண்டு ராத்திரின்னு பிரிச்சுப் போடுங்க. ஒரே ஊர்ல தங்கினா இந்த மத்தியான ஓய்வே கிடையாது. 3வது நாள் காலையில மெதுவா எழுந்து கடலுக்கு நகர்ந்துடுங்க.

தேதி மாத்திக்கிற டிக்கெட்டா பார்த்து எடுங்க. இடி மின்னல் வந்தா வெளிப்புற ரைடை நிறுத்திடுவாங்க. பார்க் 2வது நாள்ல இருந்தா 3வதுக்குத் தள்ளிக்கலாம், கடைசி நாள்ல வச்சா தள்ள நாளே இல்லை.

அலைகாத்தகிளி · காலை 7:34
டைட் டேபிள் பார்க்காம 3வது, 4வது நாள்னு எப்படி முடிவு பண்றீங்க?

மூணுதலைமுறை · காலை 7:36
நாளை இல்லைங்க, மணியைத்தான் டைட் பார்த்து வைக்கணும். ரெண்டு நாளும் கடல் அங்கேயேதான் இருக்கும்.

கேள்விக்குறி · காலை 7:41
அப்பாவுக்கு சுகர் மாத்திரையா, ஊசியா? இன்சுலின்னா திறக்காதது 2லேர்ந்து 8 டிகிரியில இருக்கணும். பயன்பாட்டுல இருக்கிறது வெளியே இருக்கலாம், ஆனா 30 டிகிரிக்கு மேல ஏறக்கூடாது. வண்டியில விட்டுட்டு பீச்சுக்குப் போகாதீங்க. ஐஸ்மேல நேரா வைக்கவும் கூடாது, உறைஞ்சா வீண், துணி சுத்தி வைங்க. பிபிக்கு நீர் பிரியிற மாத்திரை இருந்தா, வெயில்ல எவ்வளவு தண்ணி குடிக்கலாம்னு டாக்டரைக் கேட்டுட்டுக் கிளம்புங்க.

வெயில்பல்லி · காலை 8:05
எஸ்பிஎஃப் 100 போட்ட சன்ஸ்க்ரீன் ஒண்ணு வாங்கிடுங்க. காலையில பூசினா சாயங்காலம் வரை கவலை இல்லை.

மில்லிகிராம் · காலை 8:11
தப்பு. 30 போட்டது, வெயில்ல தோலை எரிக்கிற புறஊதா பி கதிர்ல சுமார் 97 சதவீதத்தைத் தடுக்கும், 50 போட்டது 98, 100 போட்டது 99. எந்த எண்ணா இருந்தாலும் ரெண்டு மணிக்கு ஒரு தடவை, தண்ணியிலேர்ந்து வந்து துவட்டினதும் ஒரு தடவை. அளவுலதான் எல்லாரும் கோட்டை விடறாங்க. பரிசோதனையில ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 2 மில்லிகிராம் பூசிப் பார்த்து வந்த எண் அது. ஒரு பெரியவருக்கு உடம்பு முழுக்கன்னா ஒரு தடவைக்கு 30 மில்லி. உங்க வீட்டுல பெரியவங்க 6 பேர், ரெண்டு தடவைன்னா 360 மில்லி. 50 மில்லி ட்யூபை ஒன்பது பேரும் தொட்டுத் தொட்டு வச்சுக்கிட்டா அதுக்குப் பேர் சன்ஸ்க்ரீன் இல்லை, திருநீறு.

வெயில்பல்லி · காலை 8:15
360 மில்லியா? நீங்க கம்பெனி ஆளா?

மில்லிகிராம் · காலை 8:19
கம்பெனி ஆளா இருந்தா இதைச் சொல்வேனா: முழுக்கை நீச்சல் சட்டை போட்டா பாதி உடம்புக்குப் பூசவே வேண்டாம். யுபிஎஃப் 50 போட்ட துணி புறஊதாக் கதிர்ல 50ல ஒரு பங்கைத்தான் உள்ளே விடும். மெல்லிசு வெள்ளைப் பருத்திச் சட்டை அதுக்கு ஈடாகாது, நனைஞ்சா இன்னும் மோசம்.

பழுத்தபயணி · காலை 8:24
முழுக்கை, முழுக்கால், தொப்பி. இதற்கு வீட்டுத் தொட்டியிலேயே குளித்துவிடலாமே.

வெயில்பல்லி · காலை 8:26
தலைவர் சொல்றது சரி.

மட்டுறுத்துநர் · காலை 8:40
சன்ஸ்க்ரீன் சண்டைக்குத் தனி இழை திறந்துகொள்ளவும்.

அலைகாத்தகிளி · காலை 8:52
கடல் பத்தி ஒண்ணே ஒண்ணு. மேல சிவப்பு, கீழ மஞ்சள் கொடி ரெண்டு நட்டிருந்தா அதுக்கு நடுவுலதான் லைஃப்கார்ட் கண்காணிப்பு, அங்கேதான் இறங்கணும். முழுச் சிவப்புன்னா இறங்கவே கூடாது. ரெண்டு பக்கமும் அலை உடைஞ்சு நுரைக்கும்போது நடுவுல ஒரு பட்டை மட்டும் அமைதியா, கொஞ்சம் கருப்பா தெரிஞ்சா, குழந்தைக்கு நல்ல இடம்னு அங்க கூட்டிட்டுப் போயிடாதீங்க. பெரும்பாலும் அதுதான் இழுவை நீரோட்டம். மாட்டினா கரையைப் பார்த்து எதிர்த்து நீந்தக்கூடாது. மிதந்துக்கிட்டே கையைத் தூக்கிக் காட்டணும், முடிஞ்சா கரைக்கு இணையா பக்கவாட்டுல நீந்தி வெளிய வரணும். 15 வயசுப் பையன்கிட்ட இதைத் தனியா சொல்லுங்க, துணிஞ்சு உள்ளே போறவன் அவன்தான். பொடிசுக்கு நீல நீச்சல் உடை வேண்டாம், தண்ணியில தெரியாது. பளிச்னு ஆரஞ்சு எடுங்க. காத்தடைச்ச மிதவையை நம்பி கையை எடுக்காதீங்க, கரையிலேர்ந்து கடல் பக்கமா காத்து அடிச்சா குழந்தையோட சேர்த்துத் தள்ளிக்கிட்டுப் போயிடும்.

கேள்விக்குறி · மதியம் 1:30
டிக்கெட் போட்டாச்சா? உயரம் என்ன?

கேள்விக்குறி · மறுநாள் காலை 9:10
ஆளையே காணோம்.

முழிபிதுங்கி · மறுநாள் இரவு 10:05
போட்டாச்சு, எல்லாருக்கும் நன்றி. 2வது நாள் பார்க், அப்புறம் பீச், வேன். 94 சென்டிமீட்டர். வீல்சேர் புக் பண்ணிட்டேன். அம்மா உட்கார மாட்டாங்களாம், அதுல பையெல்லாம் மாட்டிட்டு அவங்களே தள்ளிக்கிட்டு வர்றாங்களாம்.

நாலுசக்கரம் · இரவு 10:12
தள்ளட்டும், ஊன்றுகோலா இருக்கும். பையை மட்டும் பின்கைப்பிடியில மாட்டாதீங்க, சீட்டு மேல வைங்க. ஆள் உட்காராத நாற்காலியில பின்னாடி கனம் ஏறினா அப்படியே மல்லாந்துடும். 12 மணிக்குள்ள அவங்களே பையை உங்ககிட்ட கொடுத்துட்டு உட்கார்ந்துடுவாங்க, பிரேக் போட்டுப் பிடிச்சுக்கோங்க.