புதுப்பிப்பு: ஹெட்லைட் விரிசல், ஒன்று தேறியது, ஒன்று போச்சு

காரின் ஹெட்லைட்டுகளில் முடியிழை போல விரிசல் தெரிகிறது, தேய்த்தால் போகுமா என்று போன மாதம் கேட்டிருந்தேன். நேற்று தேய்த்துப் பார்த்துவிட்டேன்.

வலது விளக்கில் விரிசல் மேல்பூச்சில் மட்டும்தான். வெயில் தின்ற பூச்சு. 800, 1500, 3000 என எண் ஏற ஏற நைசாகும் வாட்டர் பேப்பரை (உப்புத்தாள்) நனைத்துத் தேய்த்தேன். முதலில் மஞ்சளாக வழிந்த தண்ணீர், அப்புறம் மோர் மாதிரி வெளுத்தது. பழைய பூச்சு போய்விட்டதென்று அர்த்தம். நன்றாகக் காயவிட்டு, புற ஊதாக் கதிரைத் தடுக்கும் கிளியர் கோட் (நிறமில்லாப் பூச்சு) அடித்தேன். அதை அடிக்காவிட்டால் மறுபடி மங்கிவிடும்.

இடது விளக்கில் எவ்வளவு தேய்த்தும் விரிசல் அப்படியே மின்னியது. விளக்கின் முகப்பான பாலிகார்பனேட் பிளாஸ்டிக்குக்குள்ளேயே இறங்கிவிட்டது. தார்க்கறை போக நான் தின்னர் போட்டுத் துடைத்தது அந்தப் பக்கம்தான்! இந்த பிளாஸ்டிக்குக்குத் தின்னர் ஆகவே ஆகாதாம். புது விளக்குக்குச் சொல்லியிருக்கிறேன்.