“கொடுத்தால் போய்ச் சேருமா?” – நிவாரணப் பணியில் இருப்பவர்கள் எதிர்கொள்ளும் கேள்விகள்

நிதி திரட்டும் பணியிலிருந்து:
வெளிநாட்டு உதவி என்றாலே “நம்ம வரிப்பணத்தை அள்ளிக் கொடுக்குறாங்க” என்ற கோபம்தான் முதலில் வரும். பெரும்பாலும் அளவு பற்றிய தவறான கணிப்புதான் அதற்குக் காரணம். அமெரிக்காவில் கைசர் குடும்ப அறக்கட்டளை பல ஆண்டுகள் எடுத்த கருத்துக்கணிப்புகளில், மத்திய பட்ஜெட்டில் ஏறத்தாழ கால்பங்கு இதற்குப் போகிறது என்பதே மக்களின் சராசரி ஊகம். உண்மையில் போனது சுமார் 1 சதவீதம். அதைச் சொல்லிவிட்டு மறுபடி கேட்டால், “ரொம்ப அதிகம்” என்பவர்கள் ஏறக்குறைய பாதியாகக் குறைந்தார்கள். அதனால் வாதம் வேண்டாம். கோபப்படுபவரிடம் “எவ்வளவு போகுதுன்னு நினைக்கிறீங்க?” என்று முதலில் கேளுங்கள். அவர் ஒரு எண் சொன்ன பிறகு உண்மையான எண்ணைச் சொல்லுங்கள்.

கணக்குப் பிரிவிலிருந்து:
மேலே சொன்ன 1 சதவீதம் பட்ஜெட்டில். பணக்கார நாடுகள் உதவியாகத் தர வேண்டும் என்று 1970-ல் ஐ.நா. பொதுச்சபை வைத்த 0.7 சதவீத இலக்கோ மொத்த தேசிய வருமானத்தில். இரண்டையும் பக்கத்தில் வைத்து “இலக்கைத் தாண்டிட்டாங்களே” என்று சொல்பவர்கள் நிறைய. எதில் எத்தனை சதவீதம் என்று சேர்த்தே சொல்லுங்கள். இன்னொன்று: அகதிகளைத் தன் மண்ணிலேயே பராமரிக்க ஒரு நாடு செலவிடும் முதல் 12 மாதச் செலவையும் உதவிக் கணக்கில் காட்டலாம். அந்தப் பணம் எல்லையைத் தாண்டுவதே இல்லை.

“நிர்வாகச் செலவு எத்தனை சதவீதம்?” என்ற கேள்வி நியாயமானதுதான், ஆனால் அதை மட்டுமே வைத்துத் தீர்மானிப்பது தவறு. 2013-ல் கைடுஸ்டார், சாரிட்டி நேவிகேட்டர் உள்ளிட்ட, தொண்டு நிறுவனங்கள் பற்றிய விவரங்களைத் தரும் மூன்று அமெரிக்க அமைப்புகள் சேர்ந்து நன்கொடையாளர்களுக்கு எழுதிய திறந்த மடலும் இதைத்தான் சொன்னது. விகிதத்தைக் குறைத்துக் காட்ட வேண்டிய நெருக்கடி வந்தால் முதலில் அடிபடுவது தணிக்கையும் கண்காணிப்பும். திருட்டைப் பிடிப்பதே அவைதான்! நன்கொடை தருபவர்கள் அதற்குப் பதிலாக, தணிக்கை செய்த கணக்கு இருக்கிறதா, ஒரு பயனாளிக்கு என்ன செலவாகிறது, பணி முடிந்தபின் யார் போய்ப் பார்த்தார்கள் என்று கேளுங்கள்.

கிடங்கிலிருந்து:
பணத்தை நம்பாதவர்கள் பொருளாகத் தருகிறார்கள். மனசு நல்ல மனசுதான். ஆனால் கலந்து கட்டிய துணி மூட்டையைப் பிரிக்க ஆள் வேண்டும், இடம் வேண்டும். வெயில் கொளுத்தும் ஊருக்குக் கம்பளிச் சட்டை வந்து நிற்கும். ஆவணம் சரியில்லாத கன்டெய்னர் துறைமுகத்தில் கிடக்கக் கிடக்க வாடகை ஏறும். மருந்து என்றால், போய்ச் சேரும்போது குறைந்தது ஓராண்டுக் காலாவதி அவகாசம் இருக்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டுதல். குழந்தைகளுக்கான பால்பவுடரைக் கேட்காமல் அனுப்பவே அனுப்பாதீர்கள். சுத்தமான தண்ணீர் இல்லாத முகாமில் அதைக் கரைத்துக் கொடுத்தால் வயிற்றுப்போக்கு வரும், தாய்ப்பாலும் குறைந்துபோகும்.

பொருள்தான் தருவேன் என்றால், கேட்ட பட்டியலில் உள்ளதை மட்டும், ஒரு பெட்டிக்கு ஒரே வகை, வெளியே அளவும் எண்ணிக்கையும் எழுதி அனுப்புங்கள்.

மறுபடி நிதி திரட்டும் பணியிலிருந்து:
“இந்தப் பேரிடருக்கு மட்டும்” என்று குறிப்பிட்டுத் தந்த பணத்தை, தந்தவரின் சம்மதம் இல்லாமல் வேறு இடத்துக்குத் திருப்ப முடியாது. சுனாமி வந்து சில நாட்களிலேயே, 2005 ஜனவரித் தொடக்கத்தில், எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பு அந்தப் பணிக்குப் போதுமான பணம் வந்துவிட்டது என்று அறிவித்தது. மற்ற நெருக்கடிகளுக்குத் தரும்படி கேட்டது. பலருக்கு அது அதிர்ச்சி. எங்களைப் பொறுத்தவரை அதுதான் நேர்மை. நன்கொடைப் படிவத்தில் “தேவை அதிகமுள்ள இடத்துக்கு” என்ற கட்டம் இருந்தால் அதையே டிக் செய்யுங்கள்.