பறக்கும் ஆறா, கானிறைவையா?

காடு காற்றில் ஏற்றிவிடும் ஈரம் வானில் ஆறுபோல ஓடுவதை ஆங்கிலத்தில் flying river என்கிறார்கள். அதற்குத் தமிழில் என்ன பெயர் வைப்பது என்ற பேச்சில் ஒருவர் சொன்னது:

> ‘பறக்கும் ஆறு’ என்றே வைத்துவிடலாம். எளிது, யாருக்கும் புரியும்.

புரியும்தான். ஆனால் தண்ணீரை மேலே ஏற்றியது யார் என்பது அதில் இல்லையே. கடலிலிருந்து வரும் நீண்ட ஈரப்பட்டையை ஏற்கெனவே ‘வளிமண்டல ஆறு’ என்று எழுதுகிறோம். படிக்கிறவர் இரண்டையும் ஒன்றென்று எண்ணிவிடுவார். பிரேசில்காரர்கள் ‘பறக்கும் ஆறு’ என்று சொல்வது வேறு. அமேசான் மழைக்காடு, பெய்த மழையை வேரால் உறிஞ்சி இலைவழி விடுகிறது. அந்த ஈரம் மேற்கே போய் ஆண்டீஸ் மலையில் முட்டி, தெற்கே திரும்பிப் பொழிகிறது. அமேசான் ஆற்றுப் படுகையின் மழையில் ஏறக்குறையப் பாதி அங்கிருந்தே எழுந்த ஈரம் என்று 1970களில் பிரேசில் அறிவியலாளர் எனியாஸ் சலாட்டி நீரிலுள்ள ஐசோடோப்புகளை (ஒரே தனிமத்தின் எடை வேறுபட்ட அணுக்களை) வைத்துக் காட்டினார்.

எங்கள் மன்னார்குடிப் பக்கம் வாய்க்காலில் தானாக வந்தால் பாய்ச்சல். மாடு இழுத்துக் கிணற்று நீரை ஏற்றும் கமலையைப் பூட்டியோ மோட்டார் வைத்தோ தூக்கிவிட்டால் இறைவை. கடல் ஈரம் பாய்ச்சல் என்றால் காட்டு ஈரம் இறைவைதானே? வெயில் மாடு, வேர் வடக்கயிறு, இலை தண்ணீர் மொள்ளும் சால். ஆகவே என் பரிந்துரை: கானிறைவை (கான் என்றால் காடு). காட்டை வெட்டிப் புல்வெளி ஆக்கினால் ஈரம் குறைவதையும் இச்சொல்லால் விளக்கலாம்: கோடையில் புல் காய்ந்துவிடும், ஆழ வேரோடிய மரம் மழையில்லா மாதத்திலும் இறைக்கும்.

(‘சோலையாறு’ என்று வைத்தாலும் அழகுதான். ஆனால் வால்பாறைக்காரர்கள் அந்தப் பெயரிலுள்ள அணையைக் காட்டுவார்கள்!)

நமக்கும் இது தூரத்துக் கதையில்லை. தமிழ்நாட்டின் தென்மேற்குப் பருவமழையில் 25 முதல் 40 விழுக்காடு மேற்குத் தொடர்ச்சி மலைத் தாவரங்கள் விட்ட ஈரம் என்றும், மழை பொய்த்த ஆண்டில் அது 50 விழுக்காட்டைத் தொடும் என்றும் 2018இல் வந்த ஒரு கணினி மாதிரி ஆய்வு சொல்கிறது.

மறுமொழி:

ஐயா, சொல் பிடித்திருக்கிறது. ஒரு திருத்தம் மட்டும். காவிரி டெல்டாவுக்குப் பெருமழை ஐப்பசி, கார்த்திகையில் வங்கக் கடலிலிருந்து வருவது. நீங்கள் தந்த கணக்கு அந்த மழைக்குப் பொருந்தாது. தென்மேற்குப் பருவத்தில் வரும் குறுவைக் காலத்து மழைக்குத்தான் பொருந்தும். விளக்கக் குறிப்பில் இதைச் சேர்த்துவிடுங்கள், இல்லாவிட்டால் சம்பாவையும் மலை ஈரமே விளைவிக்கிறது என்று யாராவது எழுதிவிடுவார்கள்.

‘கான்’ இன்று எத்தனை பேருக்குப் புரியும் என்று தயங்கி, ‘காட்டிறைவை’ என்று எங்கள் அம்மாவிடம் சொல்லிப் பார்த்தேன். “யார் காட்டுல போர்வெல் போட்டிருக்காங்க?” என்றார். காடு என்றால் புன்செய் என்றும் பொருள் உண்டல்லவா, அங்கேதான் இடறுகிறது. கானிறைவையே இருக்கட்டும். ‘பறக்கும் ஆறு’ பேச்சுவழக்குப் பெயராகப் பக்கத்தில் நிற்கட்டும்.