எஞ்சின் படகில் 600 மி.மீ லென்ஸ்: ட்ரைபொட் வைத்தும் படம் அதிருது, என்ன செய்யலாம்?

வாவிக்கரையான் (களுவாஞ்சிக்குடி)

வணக்கம். கூழைக்கடா, நீர்க்காகம், வலசை வரும் ஆலாக்கள் எல்லாம் எடுக்க வாவிக்குள் ஃபைபர் படகில் போகிறேன், 15 குதிரைவலு எஞ்சின் பூட்டியது. கமரா நிக்கோன் டி7200, லென்ஸ் சிக்மா 150-600. 400க்கு மேலே போனால் ஓர் இறகுகூடக் கூர்மையாக வருவதில்லை, கண் இருக்கும் இடத்தில் ஒரு கறுப்புத் தீற்றல்தான். லென்ஸில் ஆட்டத்தைக் குறைக்கும் ஓ.எஸ். வசதியைப் போட்டுத்தான் எடுக்கிறேன், ஷட்டர் 1/500 நொடி. படகுப் பலகையில் ட்ரைபொட்டைக் கட்டியும் பார்த்தாயிற்று, கையில் பிடித்ததைவிட மோசம். கரையில் அதே ட்ரைபொட்டில் அருமையாக வருகிறது, இதுதான் விளங்கவில்லை. இன்னொன்று, பைக் ஹேண்டிலில் போனை மாட்டி எடுக்கும் வீடியோவில் தந்திக் கம்பமெல்லாம் நெளிகிறது. இரண்டுக்கும் காரணம் ஒன்றா?

கல்லடி லென்ஸ்

தம்பி, முதலில் ட்ரைபொட்டைப் படகிலிருந்து இறக்குங்கள். கரையில் அது அசையாத மண்ணில் நிற்கிறது, படகில் எஞ்சின் பூட்டியிருக்கும் அதே உடம்பில் நிற்கிறது. இறுக்கிய அலுமினியக் கால் அதிர்வை அப்படியே மேலே கொண்டுபோய் லென்ஸில் சேர்க்கும். கையில் பிடித்தால் தொடை, இடுப்பு, தோள் எல்லாம் இடையில் நின்று அதில் பெரும்பகுதியை விழுங்கிவிடும்.

ஓ.எஸ். கைநடுக்கத்துக்கென்று செய்தது. கை ஆடுவது பெரும்பாலும் நொடிக்கு 1 முதல் 10, 12 தடவை வரைதான். எஞ்சின் 5000 ஆர்.பி.எம்.மில் ஓடினால் நொடிக்கு 83 சுற்று, அந்த வேகத்தை லென்ஸுக்குள் இருக்கும் கண்ணாடி துரத்திப் பிடிக்காது. உங்கள் கமராவில் 600 மி.மீ.யில், 100 மீட்டர் தள்ளி நிற்கும் பறவையில் ஒரு பிக்சல் என்பது முக்கால் மில்லிமீட்டருக்கும் குறைவு. லென்ஸின் ஒரு முனை மற்ற முனையைவிட ஒரு மில்லிமீட்டரில் ஐந்நூறில் ஒரு பங்கு விலகினாலே அந்த ஒரு பிக்சல் போய்விடும், இறுக்கிக் கட்டி இதை நிறுத்த முடியுமா?

அதனால் ஷட்டரை ஏற்றுங்கள். அந்த 83 சுற்றில் ஒரு சுற்றுக்கு 12 மில்லி நொடி. 1/500 என்றால் அதில் ஆறில் ஒரு பங்கு நேரம் திறந்திருக்கிறது, 1/2000 என்றால் இருபத்திநாலில் ஒரு பங்குதான். ஐ.எஸ்.ஓ.வை, அதாவது சென்சாரின் ஒளியுணர்வு அளவை, ஆட்டோவில் விடுங்கள், புள்ளி விழுந்த படத்தைப் பிறகு சரிசெய்யலாம், ஆடின படத்தை ஒன்றும் செய்ய முடியாது. மடித்த லைஃப் ஜாக்கெட்டின் மேல் உட்காருங்கள், முழங்கையைப் படகு விளிம்பில் ஊன்றவே வேண்டாம், வயிற்றோடு அணைத்துக்கொள்ளுங்கள்.

எல்லாவற்றையும்விட நல்லது எஞ்சினை நிறுத்துவது. காற்று வரும் பக்கமாகச் சுற்றிப்போய் நிறுத்திவிட்டு மிதந்து வாருங்கள், பறவையும் பயப்படாது. ஐட்லில் விட்டு எடுக்கலாம் என்று நினைக்காதீர்கள், டூ ஸ்ட்ரோக் எஞ்சின் ஐட்லில்தான் படகையே குலுக்கும்.

வாவிக்கரையான்

நன்றி அண்ணே, இப்போது விளங்குகிறது. ஆனால் கச்சான் காற்று நேரத்தில் எஞ்சினை நிறுத்தினால் படகு சுழன்று பறவைக்கு முதுகைக் காட்டுகிறதே?

கல்லடி லென்ஸ்

அணியத்தில், அதாவது படகின் முன்முனையில், கயிறு கட்டிக் கல்லை இறக்குங்கள், படகின் முகம் காற்றைப் பார்த்து நிற்கும், அங்குமிங்கும் கொஞ்சம் ஆடும், அவ்வளவுதான். வாவியில் ஆழம் குறைந்த இடமென்றால் நீளக் கம்பு ஊன்றியே கட்டலாம். எஞ்சின் நின்றபிறகு விளிம்பில் ஒரு துணிப்பைக்குள் நெல் நிரப்பி வைத்து அதன்மேல் லென்ஸைப் படுக்க வைத்தால் போதும், மிச்ச ஆட்டம் மெதுவானது, ஓ.எஸ். அதைப் பார்த்துக்கொள்ளும். கச்சான் காலத்தில் விடியற்காலை, காற்று எழும்புமுன் போய்விடுவது நல்லது.

பொத்துவில் காட்டுவழி

அண்ணன் சொன்னது ஜீப்புக்கும் பொருந்தும். குமணை வனவிலங்குப் பூங்காவில் சாரதியிடம் முதலிலேயே பேசிக்கொள்வேன், மிருகம் கண்டவுடன் எஞ்சினை அணைக்க வேண்டும் என்று. பின் சீட்டில் ஒருவர் தண்ணீர்ப் போத்தலை எடுக்கக் குனிந்தாலே ஜீப் ஆடும், அந்த ஆட்டம் மெதுவானது என்பதால் அங்கே ஓ.எஸ். உண்மையிலேயே கைகொடுக்கும். நிக்கோனின் சில லென்ஸ்களில் ஓடும் வாகனத்துக்கென்றே ஆக்டிவ் என்று ஒரு நிலை உண்டு, உங்கள் சிக்மாவில் 1, 2 மட்டும்தான், 2 பறவை பக்கவாட்டில் பறக்கும்போது கூடவே திருப்பி எடுப்பதற்கு.

கரையில் ட்ரைபொட்டில் நிலா எடுப்பதென்றால் இன்னொரு அதிர்வு இருக்கிறது, கமராவுக்குள்ளேயே கண்ணாடி மேலே அடிக்கும் உதைப்பு. 1/15க்குக் கிட்டவுள்ள ஷட்டரில் அது நன்றாகத் தெரியும். அந்தக் கண்ணாடியை முன்கூட்டியே தூக்கி நிறுத்தும் மிரர் அப்பில் வைத்து, கை படாமல் ரிமோட்டில் எடுங்கள்.

ஏறாவூர் பைக்

போன் விஷயத்துக்கு யாரும் பதில் சொல்லவில்லை, அதுதான் அவசரம். அதை ஹேண்டிலிலிருந்து இன்றைக்கே கழற்றுங்கள். நெளிவதற்குக் காரணம், போன் சென்சார் படத்தை ஒரே நேரத்தில் எடுப்பதில்லை, வரி வரியாக வாசிக்கிறது, அதற்குள் ஹேண்டில் பல தடவை ஆடிவிடும், ஒவ்வொரு வரியும் ஒவ்வொரு இடத்தில் விழும். படம் கெடுவது சின்ன விஷயம். ஸ்டெபிலைசர் உள்ள போனில் லென்ஸ் மிதந்தபடி இருக்கிறது, நீண்ட நாள் அதிர்வு அந்தப் பொறிமுறையையே கெடுக்கும். பெரிய மோட்டார் சைக்கிள்களின் ஹேண்டிலில் ஐபோனைப் பூட்ட வேண்டாம் என்று ஆப்பிளே 2021இல் எழுத்தில் அறிவித்தது, ஸ்கூட்டர் போன்றவற்றுக்குக்கூட அதிர்வு குறைக்கும் தாங்கி போடச் சொன்னது. வீடியோ வேண்டுமென்றால் அக்‌ஷன் கமராவை நெஞ்சில் கட்டுங்கள். போன் சட்டைப்பையில் இருக்கட்டும், வழி பார்க்க மட்டும் நிறுத்தி எடுங்கள்.