பெரியாத்தா ஒருத்திக்காக ஒரு வளவு வீடு

காரைக்குடிப் பக்கத்தில் எங்கள் பூர்வீக வீடு. பூட்டனார் பர்மாவில் வட்டித்தொழில் செய்து அனுப்பிய பணத்தில் கட்டியது. 1942ல் ஜப்பான்காரன் அங்கே நுழைந்ததோடு அந்த வரவு நின்றது. இன்று வீட்டில் 19 புள்ளிகளுக்கு, அதாவது கல்யாணமான 19 குடும்பங்களுக்குப் பங்கு. குடியிருப்பது 81 வயதுப் பெரியாத்தா மட்டும். எங்கள் தெருவில் ராத்திரி விளக்கு எரிகிற வீடு நான்குதான். மற்றவை முன்னோருக்குப் படைக்கிற படைப்புக்கும் கல்யாணத்துக்கும் திறக்கும்.

ஒரு மழையில் வளவின், அதாவது முற்றத்தைச் சுற்றிய பகுதியின், ஈசானி மூலைச் சுவர் ஊறிவிட்டது. வாட்சப்பில் பேசி, அவசரத்துக்கு ஓர் ஒப்பந்தக்காரரைப் பிடித்தோம். சுண்ணாம்புப் பூச்சைக் கொத்திவிட்டுச் சிமெண்ட் பூசினார். அடுத்த ஐப்பசியில் அதுவும் பொரிந்து, உப்பு பூத்து உதிர்ந்தது. அப்புறம்தான் பக்கத்து ஊர்க் கொத்தனார் ஒருவரைத் தேடிப் போனேன். எழுபதைத் தாண்டியவர். சுவரைத் தொட்டுக்கூடப் பார்க்காமல் ஏணி கேட்டார். "செட்டியாரே, தண்ணி மேலேருந்து வருது. நீங்க கீழே பூசிக்கிட்டு இருக்கீங்க."

கூரையின் இரண்டு சரிவும் சேரும் கூடல்வாயில் தகரம் துருப்பிடித்து ஓட்டையாகியிருந்தது. தகரத்தையும் ஐம்பது அறுபது ஓடுகளையும் மாற்றினோம், அவ்வளவுதான். பிறகு சிமெண்டை உரித்துவிட்டு, கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீரில் குழைத்த சுண்ணாம்பைப் பூசினார். சுண்ணாம்புச் சுவர் ஈரத்தை வெளியே விட்டுவிடும். சிமெண்ட் உள்ளேயே பூட்டி வைக்கும். பளபளப்புக்காகப் பூசும் முட்டை வெள்ளைக்கரு மெழுக்கு வேண்டாமென்று விட்டோம். அந்த வேலை கைவந்த ஆட்களும் குறைந்துவிட்டார்கள். இவருடைய மகன்கள் இரண்டு பேரும் திருப்பூரில் இருக்கிறார்கள்.

பெரிய சண்டை அதற்குப் பிறகு. மீதிப் பணத்தில் மாடி அறைகளுக்கு ஏசி போடலாம் என்றார்கள் வெளிநாட்டுப் பங்காளிகள். வருடத்தில் மூன்று நாள் வருகிறவர்களுக்கு! தினமும் இருக்கிறவரோ முட்டி வலியோடு ஒவ்வொரு நிலைப்படியாகத் தாண்டி மூன்றாம் கட்டு (வீட்டின் மூன்றாவது பகுதி) அடுப்படிக்குப் போக வேண்டும். கழிப்பறை கொல்லைக் கோடியில். நான் பிடிவாதமாக நின்றேன். இரண்டாம் கட்டில் சின்ன அடுப்படி, பக்கத்திலேயே கைப்பிடி வைத்த கழிப்பறை, படிகளுக்குச் சரிவுப் பலகை. முற்றத்து மழைத்தண்ணீர் கிணற்றுக்குப் போகிற பழைய வழியையும் தூர் எடுத்தோம். எல்லாம் பார்த்துவிட்டுப் பெரியாத்தா சொன்னது: "இதை முப்பது வருசத்துக்கு முன்னாடி செஞ்சிருந்தா எங்க மாமியா விழுந்திருக்க மாட்டாக."

*

உங்கள் வளவு வீட்டுக் கதையைப் படித்தேன், அண்ணே. உங்களுக்குச் சம்மதம் சொல்லவாவது ஆள் இருந்தது. எங்கள் வீட்டுக்கு முப்பதுக்கு மேல் பங்கு. இரண்டு பேர் கையெழுத்துக்கு நாலு வருடம் காத்திருந்தோம், அதற்குள் ஒரு பக்கத் தாழ்வாரம் உட்கார்ந்துவிட்டது. கடைசியில் வீட்டைப் பிரித்து மரத்தை எடுக்கிறவர்களுக்கு விற்றோம். 2014ல் செட்டிநாட்டு ஊர்கள் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரிய உத்தேசப் பட்டியலில் ஏறியபோது அலுவலகத்தில் இனிப்பு கொடுத்தவன் நான்!

போன தையில் காரைக்குடிப் பழம்பொருள் கடைத்தெருவில் எங்கள் நிலைக்கதவைப் பார்த்தேன். அதில் செதுக்கிய கஜலட்சுமிக்கு மூக்கு உடைந்திருக்கும். சின்ன வயதில் நான் உடைத்தது. விலை கேட்டேன். அதை இங்கே எழுத மனசில்லை.

*

இரண்டு பேர் எழுதியதையும் படித்தேன். எங்கள் வீடு தேவகோட்டைப் பக்கம். முகப்பை ஒட்டிய இரண்டு அறையை ஓர் ஆசிரியர் குடும்பத்துக்குக் குறைந்த வாடகைக்கு விட்டிருக்கிறோம். வளவைப் பெருக்க வேண்டும், மழை பெய்தால் ஒரு சுற்று பார்த்துவிட்டுப் போன் பண்ண வேண்டும், அதுதான் பேச்சு. பங்காளிகளில் சிலருக்கு அந்நியர் குடியிருப்பது இன்னமும் பிடிக்கவில்லை. ஆனால் கார்த்திகையில் ராத்திரி பதினோரு மணிக்கு அந்த அம்மா கூப்பிட்டுச் சொன்னதால்தான் ஒழுக்கு மறுநாளே அடைபட்டது.

முதலில் எழுதியவரே, உங்கள் சுவரைச் சரிசெய்த அந்தக் கொத்தனார் எங்கள் ஊருக்கு வருவாரா? வந்தால் கூடவே ஒரு பையனையும் அழைத்து வரச் சொல்லுங்கள். வேலை பழகட்டும், அவனுக்கும் கூலி நான் தருகிறேன்.